வெட்டி எடுத்த விதி

ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தது நீங்கள்தான், சார். உங்கள் விளையாட்டுதான்.

ஆரியங்கோட்டு வாசகசாலையில் பெரியவர்களுக்கு நீங்கள் வகுப்பு எடுத்தீர்கள். எந்த வேலையையும் கணினியைப் போலப் படிப்படியாகப் பிரித்து யோசிக்கப் பழக வேண்டும் என்றீர்கள். அதற்கு ஒரு விளையாட்டு. ஒருவர் மிஷின். மற்றவர்கள் ஒவ்வொன்றாகக் கட்டளை சொல்ல வேண்டும். மிஷின் சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அதுதான் விதி.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேலை ரப்பர் ஷீட் அடிப்பது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்காவை மிஷினாக நிறுத்தினீர்கள். பாலுக்குப் பதில் வாளி நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர், மேசையில் பால் உறைய வைக்கும் தட்டு. கடைசிக் கட்டளையை நீங்களே சொன்னீர்கள்: "தட்டில் ஊற்று."

அக்கா ஊற்றினாள். தட்டு நிறைந்து, மேசை நனைந்து, தரையில் ஓடியது.

"நிறுத்துங்க அக்கா," என்றேன்.

"நிறுத்தணும்னு சார் சொல்லேல்லியே. நான் மிஷினாக்கும், மக்கா."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நீங்கள் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு ஊற்றுவது என்று சொல்லாததுதான் தப்பு, மிஷின் மேல் தப்பில்லை என்று நீங்களும் சொன்னீர்கள். பாடம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அடுத்த வாரம் அந்த வீடியோ என் போனுக்கு வந்தது. நீங்கள் விதி சொன்ன பகுதி அதில் இல்லை. உங்கள் குரல் இல்லை. அக்கா வெள்ளையாக எதையோ தரையில் ஊற்றிவிட்டுச் சிரிக்கிறாள், பின்னால் கோமாளிப் பாட்டு. நம்ப முடியாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

அவளுக்கு ரப்பர் மரங்களைப் பால் வெட்டக் கொடுத்திருந்த முதலாளியும் பார்த்திருக்கிறார். "பாலைத் தரையில ஊத்தி சிரிக்கிய ஆளுக்கு எதுக்கு மரம்? நாளை முதல் வரண்டாம்," என்று போனில் சொல்லிவிட்டார். இப்போது அந்த மரங்களை வேறு ஆள் வெட்டுகிறான்.

"அது சுண்ணாம்புத் தண்ணியாக்கும்னு நான் எத்தன பேருட்ட போயி சொல்லுவேன்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

உங்களைப் போனில் கூப்பிட்டேன். "தமாசுக்குப் போட்டதாக்கும். எல்லாருக்கும் பிடிச்சு போச்சு," என்றீர்கள். அவளுக்கு வேலை போனதைச் சொன்னேன். "அய்யோ, அப்படியா," என்று வைத்துவிட்டீர்கள். வீடியோ இன்னும் ஓடுகிறது.

படித்த மனுஷன் இப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை.

வாசகசாலைக்கு வாருங்கள், சார். அந்த முதலாளியும் ஊராரும் இருக்கட்டும். ஊற்றச் சொன்னது யார்? விதியை வெட்டி எடுத்தது ஏன்? எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.