மாமா போட்ட குறவன் வேஷம்

போன சித்திரைக்கு என் பேத்தி கொழும்புலருந்து வந்தப்ப கூட ஒரு பொடியனையும் கூட்டிட்டு வந்தா. ரெண்டு பேரும் ஒரே கடையில வேல செய்யிறாங்களாம். நல்ல பொடியன். செருப்ப வாசல்லயே கழட்டிட்டு உள்ள வந்தான். மருமக வழக்கமா கேக்குற மாதிரி, எந்தத் தோட்டம், அப்பா என்னா வேலன்னு கேட்டுச்சு. அவன் ஒண்ணும் மறைக்கல.

"அனுராதபுரம் பக்கம் அம்மா. நாங்க குறவர் ஆளுங்க. தாத்தா காலத்துல பாம்பாட்டிக்கிட்டு ஊர் ஊரா போனாங்க. இப்ப எல்லாரும் ஒரே எடத்துல வீடு கட்டித்தான் இருக்கோம்."

மருமக தேத்தண்ணி போடுறேன்னு அடுப்படிக்குப் போனது, வெளிய வரவே இல்ல. மகன் டீவியப் பாத்துக்கிட்டே இருந்தான். டீவில ஒண்ணும் ஓடல, கரண்ட் இல்ல. பேத்தி என்னையப் பாத்தா.

நா என்னத்தச் சொல்ல? பள்ளிக்கூடப் பக்கம் மழைக்கு ஒதுங்குனதோட சரி. எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துச்சு. அதத்தான் அன்னைக்குச் சொன்னேன். இப்பயும் அதுதான் வருது. கொஞ்சம் சுத்தி வளச்சுத்தான் வரும், பொறுத்துக்கங்க.

எங்க தேயிலத் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேல. மாமான்னா எங்க அம்மாவோட தம்பி. லயம்னு வரிசையாக் கட்டுன வீட்டுல, எங்க காம்பராவுலயே எங்களோடதான் இருந்தாரு. தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறதுல கெட்டிக்காரரு, பேசுனா வெக்கப்படுவாரு. கங்காணி பேரக் கூப்பிட்டாக்கூட தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நிப்பாரு. ஆனா மாரியம்மன் திருவிழா தேரு அன்னைக்கு மட்டும் ஆளே வேற. குறவன் வேஷம் போடுவாரு.

அந்த வேஷத்தப் பத்திச் சொல்லணும். தேயிலக் கொட்டையக் கோத்து, செவப்புச் சாயம் போட்டு, கழுத்து நெறைய மாலை. மொகமெல்லாம் கரி. தலையில காக்கா ரெக்க. பழைய வெங்காயச் சாக்கக் கிழிச்சு வல மாதிரி தோள்ல போட்டிருப்பாரு. இன்னொரு தோள்ல துணியில தச்ச கொரங்கு. அந்தக் கொரங்குக்கு எங்க அம்மாதான் வருசா வருசம் புதுசா கண்ணு தச்சுக் குடுக்கும். தப்பு மேளம் அடிக்க ஆரம்பிச்சா மாமா இடுப்ப ஆட்டுவாரு பாருங்க, லயத்துப் பொம்பளைங்க சிரிச்சு சிரிச்சு வயித்தப் புடிச்சுக்குவாங்க. 'குறவன் வாரான், குறவன் வாரான்'னு நாங்க பொடிசுங்க எல்லாம் பின்னாலயே ஓடுவோம். அவரு என் மாமான்னு எனக்கு ஒரே பெரும.

நா சொல்ற வருசம், திருவிழாவுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால, நெசமான குறவங்களே வந்துட்டாங்க. ஒரு புருசன், ஒரு பொஞ்சாதி, ஒரு கழுத, ரெண்டு நாயி, ஒரு பாம்புக் கூடை. வலப்பனப் பக்கமாப் போயி கீழ் நாட்டுக்கு எறங்கப் போனவங்க. அந்தப் பொம்பளைக்கு நெற மாசம். நடக்க முடியல. பாலத்துக்குக் கீழ ஆத்தோரமா ஓலக் கூடாரத்தப் போட்டு ஒக்காந்துட்டாங்க.

தோட்டத்துல எல்லாருக்கும் கோவம். கோழி போயிரும்னாங்க. சின்னப் புள்ளைங்கள சாக்குல கட்டிட்டுப் போயிருவாங்கன்னாங்க. எந்தக் கோழியும் போகல. புள்ளைங்களும் சாக்குக்குள்ள போகல. போனா நல்லாருக்கும்னு எங்க அம்மா என்னையப் பாத்துச் சொல்லும், அது வேற. லயத்துக்குப் பக்கத்துல பீலி இருக்கு, மலை ஊத்துத் தண்ணி தகரக் கொழாயில வந்து விழும். அத அவங்க தொடக் கூடாதுன்னு ஆச்சு. ஆத்துத் தண்ணியத்தான் குடிச்சாங்க. எங்க லயத்துச் சாக்கடக் கான் பூரா அந்த ஆத்துலதான் போயி விழும்.

அப்பறம் எங்க தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத் தலைவர், ஆள் அனுப்பிச் சொல்லிட்டாரு, தேரு பாலத்து வழியாத்தான் போகும், அதுக்கு முன்னால கெளம்பிரணும்னு. "ஊரும் இல்ல பேரும் இல்ல, இவனுங்கள எவன் கேக்கப் போறான்?"னாரு. தலைவரு கெட்ட மனுசன் இல்ல. அந்தக் காலத்துல எங்களுக்கே பிரஜாவுரிமை கெடையாது. அவரு நுவரெலியாவுல ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, ஒங்க ஊரு இந்தியாவுக்குப் போங்கடான்னு ஏச்சு வாங்கிட்டு வந்து, கோயில்ல ஒக்காந்து அழுத மனுசன். அந்தத் தலைவருதான் இதையும் சொன்னாரு.

எங்க மாமாவுக்கு இதெல்லாம் மண்டையில ஏறல. அவருக்கு ஒரே ஒரு கவல. நெசக் குறவன் ஆட்டத்த ஒரு தடவ பாத்துக் கத்துக்கணும். என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு ஆத்தோரம் போனாரு. அந்த ஆளு ஒரு கல்லு மேல ஒக்காந்து கழுதக் காலுக்கு மருந்து கட்டிக்கிட்டிருந்தாரு. மாமா வெக்கப்பட்டு வெக்கப்பட்டுக் கேட்டாரு.

"அண்ணே, ஒங்க ஆட்டத்தக் கொஞ்சம் ஆடிக் காட்டுங்க."

"என்னா ஆட்டம்?"

"குறவன் ஆட்டந்தான்."

அந்த ஆளு பொஞ்சாதியத் திரும்பிப் பாத்தாரு. "நாங்க எதுக்குங்க ஆடணும்? பாம்புதான் ஆடும். நாங்க ஒக்காந்துதான் இருப்போம்."

மாமாவுக்கு நம்பிக்க இல்ல. இப்பிடித்தானேன்னு கல்லு மேல ஏறி ஆடியே காட்டிட்டாரு. இடுப்பாட்டம், கண்ணடிக்கிறது, கொரங்குச் சேட்ட, எதுவும் விடல. அந்த ஆளு வாயப் பொத்திக்கிட்டாரு. பொஞ்சாதி வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுது. "இது எந்த நாட்டுக் குறவன்?"னு கேட்டுச்சு. அப்பறம் ரெண்டு பேரும் அவங்க தெலுங்குல ஏதோ பேசி மறுபடி சிரிச்சாங்க. மாமா கல்லுலருந்து எறங்கி நின்னாரு பாருங்க, பாவமா இருந்துச்சு. இத்தன வருசம் ஆடுன ஆட்டம் யாரோட ஆட்டம்னே தெரியல.

சிரிச்சு முடிச்சதும் அந்தப் பொம்பள சும்மா சொல்ற மாதிரி சொல்லுச்சு. "தேருக்கு முன்னால எங்களப் போகச் சொல்லிட்டாங்க தம்பி. இந்த வயித்தோட வலப்பன ஏத்தம் ஏற முடியாது. வழியிலயே பெத்துருவேன்." நாங்க கெளம்பறப்ப அந்த ஆளு, தேரு பாக்க வரலாமான்னு கேட்டாரு. கல்யாணத்துக்குத் தச்ச வெள்ளச் சட்ட பொட்டியில இருக்காம், போட்டே நாளாச்சாம். "வாங்க, யாரு கேப்பா"ன்னு மாமா சொல்லிட்டாரு. அவருக்கு என்னா தைரியம்னு எனக்கே ஆச்சரியம்.

தேரும் வந்துருச்சு. முந்தின ராத்திரி நல்ல மழ, ஆளுங்க யாரும் ஆத்தோரம் போயிப் பாக்கல, கூடாரம் அங்கயேதான் இருந்துச்சு. மாமா கரியப் பூசி மாலையப் போட்டு எறங்கிட்டாரு. அந்த வருசந்தான் மொத மொறையா எங்க தேரு பக்கத்துத் தோட்டத்துக்கும் போச்சு. கூட்டத்துல பாத்தா, எண்ண வச்சுத் தல சீவி, வெள்ளச் சட்டையும் சாரமுமா அந்த ஆளு வடத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு வாராரு. கழுத இல்ல, பாம்புக் கூடை இல்ல, ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. தலைவரே அவருக்குப் பானக்கம் ஊத்திக் குடுத்தாரு.

"எந்தத் தோட்டமுங்க?"

"பாலத்துக்கு அங்கிட்டுங்க."

"நல்லா வடம் புடிக்கிறீங்க. அடுத்த வருசமும் வாங்க."

நா வாயப் பொத்திக்கிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துல தேரு ஒரு திருப்பத்துல நின்னப்ப மாமாவுக்குத் தண்ணி தவிச்சுது. நானும் அவருமா லயத்துக்குப் பின்னால இருந்த பீலிக்குப் போனோம். மாமா கைய நீட்டுனாரோ இல்லியோ, கொடத்தோட நின்ன பொம்பள போட்டுச்சே ஒரு சத்தம். "ஐயோ, குறவன் பீலில கைய வச்சுட்டான்!" நாலா பக்கமிருந்தும் ஆளுங்க ஓடியாந்தாங்க.

"அக்கா, நா மேத் தோட்டத்து ஆளு. இது வேஷம்!"னாரு மாமா.

"திருடப் பூந்தவன் வேற என்னா சொல்லுவான்?"னு ஒருத்தன். இன்னொருத்தன் என்னையப் பாத்து, "குட்டியையும் கூட்டியாந்திருக்கான் பாரு"ன்னான். ரெண்டு நாய அவுத்து விட்டாங்க. ஒரு கல்லு வந்து மாமா புருவத்துல பட்டுச்சு. ரத்தம் கரியோட சேந்து வழிஞ்சுது. நா மாமா மாமான்னு கத்துறேன், யாரு கேக்குறா. அவரு அவ்வளவு நல்லா வேஷம் போட்டிருந்தாரு.

அப்பத்தான் அந்த வெள்ளச் சட்டக்காரரு கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தாரு. நாயப் பாத்து நாக்க மடக்கி ஒரு சத்தம் குடுத்தாரு, நாயி ரெண்டும் வாலச் சுருட்டிக்கிட்டு ஒக்காந்துருச்சு. "விடுங்கப்பா. சாமிக்கு வேஷம் போட்ட மனுசன அடிக்கலாமா? இவரு எங்க ஆளு"ன்னாரு. அவ்வளவுதான். கல்லு வச்சிருந்தவன் கீழ போட்டுட்டான். "மன்னிச்சுக்கங்க ஐயா, தெரியல"ன்னு அவருகிட்டத்தான் சொன்னாங்க, அடி வாங்குன எங்க மாமாகிட்ட இல்ல. அந்தப் பொம்பள கொடத்தச் சாச்சு, அவரு ரெண்டு கையையும் ஏந்த, தண்ணி ஊத்துச்சு. அவரு கொஞ்சந்தான் குடிச்சாரு. மிச்சத்த மாமாவுக்கு ஊத்தச் சொன்னாரு.

பொழுது எறங்கறதுக்குள்ள தேரு திரும்பி வந்து எங்க கோயில்ல நின்னுச்சு. சாப்பாடு நடக்குது. மாமா அடி வாங்குன கதைய எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. தலைவருக்கும் சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே, "ஆமா, அந்த ஆத்தோரத்து ஆளுங்க போயிட்டாங்களா? இல்லாட்டி விடிஞ்சதும் நாலு பேரு போயி கூடாரத்தப் பிரிச்சுவிடுங்க"ன்னாரு.

எங்க மாமா எந்திரிச்சாரு. வேஷத்தக் கலைக்கல. காலையில பொரட்டுக்களத்துல கங்காணி பேரு கூப்பிட்டாலே தல குனியிற மனுசன், அன்னைக்குக் குனியல.

"தலைவரே, பிரிக்கப் போறவங்க இந்த ரத்தத்தப் பாத்துட்டுப் போகட்டும். நா ஒங்க முன்னால வருசா வருசம் குறவனா ஆடுனேன், கை தட்டுனீங்க. இன்னைக்கு ஒரு கால் மணி நேரம் குறவனா இருந்துட்டேன்."

"அதுக்கு என்னாடா இப்ப?"

"மத்தியானம் நீங்க பானக்கம் ஊத்திக் குடுத்து, அடுத்த வருசமும் வாங்கன்னு சொன்னீங்களே, அவருதான் ஆத்தோரத்து ஆளு. இந்தா நிக்கிறாரு."

அந்த ஆளு தூண் ஓரமா எலையக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. ஓடவும் இல்ல, ஒக்காரவும் இல்ல. தலைவரு அவரையும் அவரு சட்டையையும் பாத்தாரு. அப்ப எங்க அம்மா, சோத்துக் கரண்டியோட, "அந்தப் புள்ளைக்கு இன்னும் எத்தன நாளு?"ன்னு கேட்டுச்சு. "இன்னைக்கோ நாளைக்கோ அக்கா"ன்னாரு அந்த ஆளு. "அதுக்கு யாரு சோறு எடுத்துட்டுப் போறது?"னு கேட்டுட்டு, அம்மா பதிலுக்குக் காத்திருக்காம எலையில கட்ட ஆரம்பிச்சுருச்சு.

தலைவரு தொண்டையக் கனச்சாரு. "வடம் புடிச்ச கையாப் போச்சு. பேறு காலம் முடியிற வரைக்கும் இருக்கட்டும். பீலில நம்மாளுங்க புடிச்சதுக்கப்பறம் அவங்க புடிக்கட்டும்." அந்த 'அப்பறம்' கொஞ்ச நாளுதான் நின்னுச்சு. பொம்பளப் புள்ள பொறந்ததும் லயத்துப் பொம்பளைங்க மாத்தி மாத்திக் கொடம் தூக்கிட்டுப் போனாங்க, யாரு முன்ன யாரு பின்னன்னு யாரும் பாக்கல. மழ விட்டதும் அவங்க கெளம்புனாங்க. போறப்ப தலைவரு கழுதைக்குத் தவுடு குடுத்து அனுப்புனாரு. குடுக்கறப்ப மொகத்த வேற பக்கம் திருப்பிக்கிட்டாரு.

அடுத்த வருசம் மாமா வேஷம் போடல. அப்பறம் எந்த வருசமும் போடல. வேட்டி கட்டி, கூட்டத்தோட கூட்டமா வடம் புடிச்சுக்கிட்டுப் போனாரு. எனக்கு அப்ப அந்தக் குறவங்க மேலதான் கோவம், எங்க ஆட்டத்தக் கெடுத்துட்டாங்கன்னு.

இத்தனையும் சொல்லி முடிச்சப்ப மருமக தேத்தண்ணியோட வெளிய வந்துச்சு. எல்லாருக்கும் போல அந்தப் பொடியனுக்கும் நம்ம வீட்டு டம்ளர். "சீனி போதுமா பாரு தம்பி"ன்னுச்சு. மகன் டீவிப் பக்கமிருந்து நாற்காலியத் திருப்பிப் போட்டான். இன்னும் பேச வேண்டியது கெடக்கு, சொந்தக்காரங்க வாயி இருக்கு. ஆனாலும் ஆவணில நாள் பாக்கலாம்னு வீட்டுல பேச்சு.

நா அந்தப் பொடியனுக்குச் சொல்லாத ஒண்ணு இருக்கு. அன்னைக்கு கோயில்லருந்து மாமா நேரா எங்க பீலிக்குத்தான் போனாரு. நா சோத்துப் பொட்டலத்தோட பின்னால போனேன். அந்த ஆளு கூடாரத்துலருந்து எடுத்துட்டு வந்த கொடத்த மாமா தன் கையால ரொப்பி அவருகிட்ட குடுத்தாரு. அந்த ஆளு பொட்டலத்தையும் வாங்கிக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு. அப்பறம் மாமா குனிஞ்சு மொகத்தக் கழுவ ஆரம்பிச்சாரு. கரி போச்சு. ரத்தம் போச்சு. மாலையில இருந்த செவப்புச் சாயங்கூட கரஞ்சு போச்சு. தண்ணி தெளிஞ்சு ஓட ஆரம்பிச்ச பொறகும் அவரு நிமிரல.

"மாமா, எல்லாம் போயிருச்சு மாமா. வாங்க, குளுருது"ன்னு நா கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டுக் கூப்பிட்டேன்.

அவரு கழுவிக்கிட்டே இருந்தாரு. சுத்தமான மொகத்த இந்த மனுசன் எதுக்கு இப்பிடிக் கழுவுறாருன்னு எனக்கு வெளங்கல. தண்ணியில மொகத்த வச்சுக்கிட்டே இருந்தா அழுறது யாருக்கும் தெரியாதுன்னு அந்த வயசுல எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?