நான் வேண்டாமென்ற பெங்களூர் சீட்

ஆன்றோ இறந்துவிட்டான். நேற்று காலையில் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். ஹார்ட் அட்டாக்... என் வயதுதான் அவனுக்கும்.

எல்லோரும் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் போடவில்லை. "நீ ஒண்ணும் எழுதலியா? உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா பாத்ததே இல்லியே" என்று ஒருத்தி கேட்டாள்.

எழுதுகிறேன்.

பி.எஸ்சி. பிசிக்ஸில் நாங்கள் லேப் பார்ட்னர்கள். நான் தோவாளைப் பக்கம், அவன் குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊர். ஸ்பெக்ட்ரோமீட்டரில் அந்த மஞ்சள் கோடு எனக்கு ஒருநாளும் ஒழுங்காகத் தெரியாது. "மாறு ஏட்டி" என்று என்னை நகர்த்திவிட்டு, குனிந்து ஒரு திருகு திருகுவான். கோடு பளிச்சென்று நிற்கும்.

கணக்குப் போடுவது நான். அதில் அவனுக்குப் பொறுமை கிடையாது.

இரண்டாம் வருடம் இருவரும் சம்மர் ஸ்கூல்களுக்கு அப்ளை செய்தோம். ஒன்று பெங்களூரில், வானியற்பியல். நிஜத் தொலைநோக்கியில் எடுத்த தரவை நம் கையில் கொடுத்து வேலை செய்யச் சொல்வார்கள். நன்றாகச் செய்தால் குளிர்கால விடுமுறைக்கும் கூப்பிடுவார்கள். இன்னொன்று சென்னையில், வகுப்புகள் மட்டும்.

எனக்கு இரண்டும் கிடைத்தது. ஆன்றோவுக்குச் சென்னை.

"பெங்களூரு எனக்கு கிட்டல்ல ஏட்டி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை, அவன் மனசு கஷ்டப்படுமே என்று.

பெங்களூருக்குத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு இஷ்டமில்லை. அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தேன்.

அப்போதுதான் ஆன்றோ ஆரம்பித்தான். தினமும்... கேன்டீனில், பஸ் ஸ்டாண்டில், லேப் வாசலில்.

"அங்க பூரா பெரிய பெரிய காலேஜ் பிள்ளைகளாக்கும் வரும். நம்ம இங்கிலீஷக் கேட்டு சிரிப்பானுவ. சென்னைன்னா நான் உண்டு, நீ உண்டு. லேப்ல இருக்க மாதிரியே சேந்து படிக்கலாம் மக்கா."

எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பிரவுசிங் சென்டரில் பெங்களூர் வேண்டாம் என்று மெயில் அனுப்பும்போது பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். "அனுப்பிட்டியா?" என்றான். "அனுப்பிட்டேன்" என்றேன். வெளியே வந்ததும் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு அவ்வளவு சிரித்தான்.

வீட்டில் அப்பா கேட்டார். "இதுக்கா பிள்ளே ரெண்டு நாளு சோறு தின்னாம கெடந்த?"

சென்னை ரயில் ஏற அப்பாவோடு நாகர்கோவில் ஸ்டேஷனில் நின்றேன். ஆன்றோ வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் அவன் வீட்டுக்கு அடித்தேன். அவன் அம்மா எடுத்தார்.

"அவன் பெங்களூருக்குல்லா போயிருக்கான் மக்களே! வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தாம்லா... ஏதோ ஒரு பிள்ள வேண்டாம்னு சொன்னதுல இவனுக்கு கெடச்சுது. உனக்கிட்ட சொல்லலியா?"

வெயிட்டிங் லிஸ்ட்.

அந்த வார்த்தையை அவன் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

போனை அப்பாவிடம் கொடுத்தேன். ரயில் வந்தது. ஏறினேன். வள்ளியூர் தாண்டியதும் அப்பா டிபன் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார்.

சென்னை ஸ்கூலைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல வகுப்புகள். என்ன நடத்தினார்கள் என்றுதான் எனக்கு ஞாபகமில்லை.

காலேஜ் திறந்ததும் லேப் வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ஏம்ல எனக்கிட்ட சொல்லல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சொன்னா நீ விட்டுத் தந்திருப்பியா?"

தந்திருப்பேனா... எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் கேட்கவே இல்லையே.

அதன்பின் லேப் பார்ட்னரை மாற்றிக்கொண்டேன். குளிர்காலத்திலும் அவனைப் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே பிஎச்.டி., பிறகு வெளிநாடு, பிறகு திரும்பி வந்து வேலை. நான் பி.எட். முடித்து பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். அந்த ஒரு கோடைதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்ல மாட்டேன். மாற்றவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடம் முன்பு யூடியூபில் அவன் பேட்டி ஒன்று பார்த்தேன். எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். "கடைசி நேரத்துல யாரோ ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு லக் அடிச்சுது" என்கிறான். சிரித்துக்கொண்டே.

யாரோ ஒருத்தர்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒருதடவையாவது அவன் முகம் மாறுகிறதா என்று.

நேற்று சாயங்காலம் அடக்கம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். எப்படியோ பஸ் ஏறிவிட்டேன்.

சர்ச்சில் அவன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார். "எனக்க பிள்ளைக்கு நீதான் மக்களே நல்ல கூட்டுக்காரி. எப்ப வந்தாலும் உன்னப் பத்திச் சொல்லாம போவ மாட்டான்."

"என்னம்மா சொல்லுவான்?"

"அவனக்காட்டியும் நீதான் படிப்புல மிடுக்கின்னு சொல்லுவான். அங்க போய் இருக்க வேண்டியது நீதானாம்."

அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இத்தனை வருடம்... என்னிடம் சொல்ல ஒரு போன் போதுமே, பாவி.

அம்மா அழுதார். தோளைப் பிடித்துக்கொண்டேன். மண் போடக் கூப்பிட்டார்கள். போட்டேன்.

போ, ஆன்றோ.