கூட்டு அனுபவத்தில் இருந்த தையற்காரர்

எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்த கட்சிக்காரர்களில் அந்தத் தையற்காரரைப் போல வாயைக் கட்டப் பாடுபட்டவர் வேறு யாரும் இல்லை. நான் அங்கே குமாஸ்தா. என் சட்டைகளை அவர்தான் தைப்பார். அதனால் வழக்குக்கு முன்பே அவர் கதையைப் பதினேழு தடவை கேட்டிருந்தேன், சட்டைக்கு ஒரு தடவை.

அப்பா இறந்த மறுமாதம் அண்ணன் அவரைக் கழுத்தைப் பிடித்து வீட்டைவிட்டு வெளியே தள்ளினார். தையல் மெஷினும் பின்னாலேயே வந்து விழுந்தது. காலருக்கு அளவெடுக்கும்போதுதான் கதை இந்தக் கட்டத்துக்கு வரும். டேப் இறுகும். "அடப்பாவமே" என்று சொன்னால்தான் விடுவார்.

அண்ணன் உறவுக்காரர்களிடம் சொன்ன கதை வேறு. "நான் எங்கங்க துரத்தினேன்? பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு அவனாப் போனான்." பணக்காரர் சொன்னால் தப்பாக இருக்குமா? பதினெட்டு வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் தையற்காரர் மனைவியைக் குடும்பத்தைப் பிரித்தவள் என்றே பார்த்தார்கள். அவள் போவதையே நிறுத்திவிட்டாள். வீடு போனதைவிட அவருக்கு இதுதான் வலித்தது.

கடைசியில் அப்பா வீட்டில் தன் பாகத்தைக் கேட்டு வழக்குப் போட எங்களிடம் வந்தார்.

"இப்ப அந்த வீட்டுல இருக்கீங்களா?" என்றார் வக்கீல்.

"எப்படி சார் இருப்பேன்? கழுத்தைப் பிடிச்சு..."

"கழுத்தை விடுங்க. கட்டணத்தைக் கேளுங்க."

கூட்டு அனுபவத்தில் இருப்பவன், அதாவது எல்லாரோடும் சேர்ந்து சொத்தை ஆண்டுகொண்டிருப்பவன், பாகம் கேட்டால் கோர்ட்டுக் கட்டணம் ஒரு சட்டையின் தையற்கூலி அளவுதான். துரத்தப்பட்டவன் கேட்டால் பாகத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. இவருக்கு அது இரண்டு புது மெஷின் விலை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குச் சலுகை, தெருவில் நிற்கிறவனுக்கு முழு விலை. இதை எழுதிய புண்ணியவான் கட்டாயம் சொந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார்.

"உங்க பொருள் ஏதாவது அங்க கிடக்குதா?"

"ஓட்டை டிரங்குப் பெட்டி ஒண்ணு பரண் மேல இருக்கு."

"போதும். பெட்டியோட நீங்களும் இருக்கீங்க."

'வாதி இன்றளவும் பிரதிவாதியுடன் சேர்ந்து மேற்படி வீட்டை அனுபவித்து வருகிறார்' என்று எழுதினேன். தையற்காரர் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தீர்ப்பு வரும்வரை பழைய கதையை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

அந்த இரண்டு வருஷம் அவர் பட்ட பாடு! கழுத்துக்கு டேப் வந்ததும் முழி பிதுங்கும், எச்சிலை விழுங்குவார். காலர் எல்லாம் தாறுமாறாக வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஏமாந்தவர் அல்ல. தம்பி துரத்தப்பட்டவன், முழுக் கட்டணம் கட்டட்டும், இல்லாவிட்டால் வழக்கைத் தள்ளுங்கள் என்று மனுப் போட்டார். துரத்தியதை நிரூபிக்கத் துரத்தியவரையே கூண்டில் ஏற்றினார். அண்ணனும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்று பெருமையாகப் பேசினார்.

"நான்தாங்க துரத்தினேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினேன். மெஷினையும் தூக்கிப் போட்டேன்."

"மனைவி பேச்சைக் கேட்டு அவராகவே போனதா எதிர்த்தரப்பு நண்பர் சொல்லக்கூடும்" என்று அவருடைய வக்கீலே எடுத்துக்கொடுத்தார். தானாகப் போனவன் துரத்தப்பட்டவன் கணக்கில் வரமாட்டானே!

"சேச்சே! அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. 'இருந்துட்டுப் போறோம் மாமா'ன்னு கெஞ்சிச்சு. நான்தான் கேட்கலை."

அடுத்துத் தையற்காரர் ஏறினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வார்த்தை: பொய்.

"உங்க அண்ணன் சொன்னது உண்மையா, பொய்யா?"

நான் கீழே நின்று உதட்டை அசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"உண்மைங்க ஐயா. ஒரு வார்த்தை விடாம எழுதிக்கச் சொல்லுங்க."

எங்கள் வக்கீல் வழக்குக் கட்டை மூடினார். ஒரு மாதத்துக்குள் முழுக் கட்டணம் கட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று உத்தரவாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று கடைக்கே போனேன். அவர் யாருக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மனைவிதான் எழுந்து வந்தாள்.

"நான் ஒண்ணும் பேசலைன்னு மாமா கோர்ட்டுல சொன்னது காகிதத்துல இருக்கா?"

"இருக்கும்மா."

"அதுக்கு நகல் தருவாங்களா?"

"கேட்டா எத்தனை வேணும்னாலும் தருவாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கட்டணம் உண்டு."

அவள் கை வளையல் இரண்டையும் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"சொந்தக்காரங்க நாப்பத்தோரு வீடு. முதல்ல அதுக்குக் கட்டுங்க. மிச்சம் இருந்தா வழக்கைப் பார்ப்போம்."