பாதி வெட்டிய தலையும் ஒரு தண்டக் கடிதமும்

பாரிஸ் லா ஷப்பலில் முடி வெட்டுகிற எனக்குச் சட்டம் படிப்பித்தது என் கதிரையில் வந்து இருந்தவர்கள்தான். கஞ்சாவைப் பற்றி எத்தனை வாக்குவாதம் கேட்டிருப்பேன். "ஒல்லாந்துக்காரன் கண்டும் காணாத மாதிரி விட்டிட்டான்" என்பார் ஒருவர். "விடுறது வேறை, சட்டமே போட்டு விக்க விடுறது வேறை" என்பார் மற்றவர். நான் சிரித்துக்கொண்டு கத்தரிக்கோலைப் பார்ப்பேன். அந்த வித்தியாசம் ஒருநாள் ஓர் அண்ணையின் தலையிலேயே வந்து விடியுமென்று யார் கண்டது?

உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவர் அவர். குனிந்து நின்றே இடுப்புப் பிடித்த நாரி நோவுக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பாதித் தலை வெட்டியாயிற்று, அப்போதுதான் சொன்னார்: மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பொலிஸ் பையைக் கிண்டியதாம். உள்ளே இருந்தது நோவுக்குத் தேநீரில் போடுகிற சிபிடி பூ. கஞ்சாச் செடியின் பூதான், ஆனால் வெறி தராது. கடையில் சட்டப்படி விற்கிறார்கள். பொலிசுக்கு மணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தண்டக் கடிதம் வீட்டுக்கே வந்துவிட்டது.

"இஞ்சையிருந்து நேரை போய்க் கட்டப்போறன் தம்பி. இப்ப கஞ்சாவுக்கு வெறும் தண்டம்தானே, காரைப் பிழையா விட்ட மாதிரி. குடியுரிமை ஃபைல் சுத்தமா இருக்கோணும்."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். தண்டம் வந்தால் சரி பிழை பாராமல் உடனே கட்டிவிட்டால்தான் நித்திரை வரும். நான் சீப்பை வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி வாசித்தேன்.

"கட்டிப்போடாதேங்கோ அண்ணை. இஞ்சை தண்டம் எண்டாலும் அது குற்றம்தான், இதிலையே எழுதிக்கிடக்கு. கஞ்சா வைச்சிருக்கிறது குற்றமில்லை எண்டு சட்டம் இன்னும் சொல்லேல்லை. கட்டினா ஒத்துக்கொண்ட மாதிரி. குற்றப் பதிவிலை ஏறும்."

"அப்ப நான் வாங்கினது?"

"அது சட்டம் விட்ட சாமான். பில் இருக்கோ?"

அண்ணை முதல்முறையாகச் சிரித்தார். "அகதி வழக்கு நடந்த நாளிலையிருந்து நான் பஸ் டிக்கெட்டே எறியிறேல்லை."

மடியிலிருந்த பைக்குள் கையை விட்டார். வாடகை ரசீது, மருந்துச் சீட்டு, பழைய சம்பளத் தாள், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கடையின் பில், திகதியோடு.

மறுப்பு அனுப்பக் கடைசி நாள் அன்றுதான். தபால் கந்தோர் பூட்ட அரைமணி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கடிதம் எழுதி, பில்லின் நகலை வைத்து, அண்ணையோடு ஓடினேன். வெட்டின பக்கம் காதுக்கு மேலே நிற்கிறது, வெட்டாத பக்கம் காதை மூடுகிறது. பதிவுத் தபால் எடுத்த பெண் அவரை இரண்டு தரம் பார்த்தாள்.

"என்ன பார்க்கிறா?"

"புது ஸ்டைலாக்கும் எண்டு நினைக்கிறா அண்ணை, பேசாமல் நில்லுங்கோ."

திரும்பி வந்துதான் மிச்சப் பக்கத்தை வெட்டினேன். சில மாதங்களுக்குப் பிறகு பதில் வந்தது: வழக்கை மூடிவிட்டார்கள். கடைக்குக் கொண்டுவந்து, என்னைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். பிறகு அதை மடித்து, அதே பைக்குள், அந்தப் பில்லோடு சேர்த்து வைத்தார்.

"இனி வெட்டு," என்று கதிரையில் சாய்ந்தார். "இந்தமுறை ஒரேயடியா முழுசா."