தண்ணி நாறுதா? அப்போ குடிக்கலாம்

முதல்லயே சொல்லிடறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ எழுதறது இது. முன்னது பின்னதா வரும், பாதி மறந்தும் போகும். வாராவாரம் பொறுத்துக்கறீங்க... இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கணும். சந்தோஷத்துல கை ஒரு இடத்துல நிக்கலை.

திருவொற்றியூர்ல எங்க தெருவுல மழைத்தண்ணி இப்போதான் வடிஞ்சுது. குடிக்க லாரித் தண்ணி வந்துச்சு. பிடிச்சுப் பார்த்தா – குப்புனு ஒரு நாத்தம். பாத்திரம் கழுவறதுக்குன்னு ஒதுக்கிட்டோம். நானும்தான்.

ஏன்னு கேப்பீங்க. எங்க பக்கம் மூக்குதான் காவல்காரன். சுத்தியும் கம்பெனி. காத்துல ஒரு வாடை வந்தா, எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு கண்ணை மூடிட்டே சொல்லி ஜன்னலைச் சாத்துவோம். அப்படி வளர்ந்த மூக்கு, தண்ணி நாறினா சும்மா இருக்குமா? தெருமுனை அடிபம்புக்குப் போனோம். வாடையே இல்லை. கண்ணாடி மாதிரி தண்ணி.

ரெண்டொரு நாள்ல பக்கத்து வீட்டு பிலோமினாவோட பையனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. இன்னும் நடக்கக்கூடத் தெரியாத பிள்ளை. விடிஞ்சு பார்த்தா கண்ணு குழி விழுந்திருக்கு. அழறான், கண்ணீர் வரலை.

நான் சின்னவளா இருந்தப்போ மழை விட்டா எங்க தெருவுல ஏதாவது ஒரு வீட்டுல இப்படி ஒரு பிள்ளை போயிடும். கண்ணு பட்டுச்சுன்னு சொல்லி அடக்கம் பண்ணிட்டு வருவாங்க. தண்ணியை யார் சந்தேகப்பட்டாங்க?

நல்லவேளை, வீடு வீடா பார்த்துட்டு வந்த நர்ஸம்மா அப்போ உள்ளே வந்தாங்க. பிள்ளையைப் பார்த்ததும் ஆட்டோ கூப்பிடச் சொன்னாங்க. பையிலேர்ந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்து, "ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு இப்பவே ஸ்பூன் ஸ்பூனா குடு. ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் குடுத்துகினே போ"ன்னாங்க.

பிலோமினா குடத்தைச் சாய்ச்சா.

"அது இன்னா தண்ணி?"

"பம்பு தண்ணிக்கா."

"லாரித் தண்ணி இல்லியா?"

"கீது. அந்தக் கலீஜைப் போயி கொயந்தைக்கு ஊத்தச் சொல்றியா?"

நர்ஸம்மா ரெண்டு சின்னக் குழாயில ரெண்டு தண்ணியையும் பிடிச்சு, ஏதோ மருந்தைச் சொட்டு விட்டாங்க. பம்புத் தண்ணி அப்படியே இருந்துச்சு. லாரித் தண்ணி மஞ்சளாச்சு.

"பாத்தியா, கெட்ட தண்ணி கலர் மாறுது"ன்னு வாசல்லேர்ந்து எதிர்வீட்டு மும்தாஜ் தீர்ப்பு சொல்லிட்டா.

"அய்யோ, மஞ்சளானாதான் குளோரின் கீதுன்னு அர்த்தம். அந்த நாத்தம்தான் கிருமியைக் கொல்லுது. பம்புல மழைத்தண்ணியோட சாக்கடையும் எறங்கிக்கீது, குளோரினே இல்ல."

யாரும் நம்பலை. எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. சுவரோரமா நின்னு பிள்ளையோட வாயையே பார்த்துட்டிருந்தேன் – காஞ்சு வெடிச்சிருந்துச்சு.

நர்ஸம்மா லாரித் தண்ணியை ஒரு டம்ளர் மொண்டு, மடமடன்னு குடிச்சாங்க. மும்தாஜ் விடுவாளா? பம்புத் தண்ணியை அதே டம்ளர்ல ஊத்தி நீட்டினா. "இத்தயும் குடி, பாக்கலாம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கும் வூட்ல கொயந்த கீது."

அவ்வளவுதான். பிலோமினா பம்புத் தண்ணியைச் சாக்கடையில கொட்டிட்டு, லாரித் தண்ணியில பாக்கெட்டைக் கரைச்சா. ஆட்டோவுல ஏறும்போதே நாலைஞ்சு ஸ்பூன் உள்ளே போயிடுச்சு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேர்ந்து பிலோமினா போன் பண்ணினா. "ஆயா, எம்மேலயே ஒண்ணுக்கு வுட்டுட்டான்." சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியலை. வத்திப்போன உடம்புல தண்ணி ஏறிடுச்சுன்னு அர்த்தம். மும்தாஜ் தெருவுக்கே டீ போட்டா. ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போனதுக்கு டீ குடிச்ச தெரு வேற எங்கயாவது இருக்கா?

ஒரு பாக்கெட் பவுடர். கொஞ்சம் குளோரின். சொல்ல ஒரு ஆள். இவ்வளவுதானா? இதுக்குப் போயா அத்தனை பிள்ளைங்களை ஆண்டவன் கணக்குல எழுதினோம்...

பம்புக் கைப்பிடியில இப்போ சாக்கு கட்டியாச்சு. நேத்து லாரி வந்தப்போ மும்தாஜ் குடத்துல மூக்கை விட்டுப் பார்த்துட்டு டிரைவரைப் பிடிச்சுக்கிட்டா. "இன்னா நைனா, இன்னிக்கு நாத்தமே கம்மியா கீது?"

"போன வாரம் நாறுதுன்னுதானே அடிக்க வந்தீங்க?"ன்னு அந்த ஆள் முழிக்கிறான்.

வீட்டுல நாமே குளோரின் போடறதுன்னா எவ்வளவு, எவ்வளவு நேரம் கழிச்சுக் குடிக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. மறந்துட்டேன். விவரம் தெரிஞ்சவங்க யாராவது சரிபார்த்துச் சொல்லுங்க. என் மூக்கை மட்டும் நம்பிடாதீங்க.