கரண்ட் போன நேரத்தில் கேட்ட ரீங்காரம்

போன வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். ஆரணியில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவிலிருக்கும் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நம்மைச் சுற்றியுள்ள இயற்கையைப் பற்றி, படம், ஒலி, பேச்சு எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளே ஒரு தொகுப்பு செய்யட்டும் என்று சொன்னேன். வகுப்பில் ஒரு பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், பள்ளிக்குப் பின்னாலிருந்த புங்க மரத்தைக் காட்டினாள். உச்சிக் கிளையில் பெரிய தேன்கூடு. அதுவரை பெரியவர்கள் யார் கண்ணிலும் அது பட்டதில்லை.

பிள்ளைகள் என் போனில் படம் எடுத்துவிட்டார்கள். சத்தத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பக்கத்து பவர்லூம்கள் விடவில்லை. ஒருநாள் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மிஸ், கரண்ட் போச்சு! ஜல்தியா வாங்க!" தெருவே அடங்கிக் கிடந்த அந்தச் சில நிமிடங்களில் ரீங்காரம் கிடைத்தது. வர்ணனையையும் அவளே பேசினாள். எந்தப் படத்துக்கு எந்த வரி என்று மவுஸுக்குச் சண்டை போட்டுக்கொண்டே சேர்த்து முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் டிவியில் போட்டுக் காட்டினோம். கைதட்டல் அடங்கியதும் ஒரு தந்தை எழுந்தார்.

"ஏன் டீச்சர், இம்மாம் பெரிய கூட்ட வச்சிகினா புள்ளைங்கள வெளையாட உடுறீங்க?"

எல்லார் முகமும் மாறிவிட்டது. தேன் எடுப்பவரை வரவழைத்துப் பக்குவமாக அகற்றலாம், கொஞ்சம் பொறுங்கள் என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சினேன்.

"நடுவுல ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பதில் சொல்வீங்களா?" என்றார்.

திங்கட்கிழமை காலை அந்தக் கிளை இல்லை. மரத்தடியில் கருகிய அடை கிடந்தது. சுற்றிலும் செத்துக் கிடந்த தேனீக்களை மிதிக்காமல் பிள்ளைகள் தாண்டித் தாண்டிப் போனார்கள். அந்தப் பெண் அழவில்லை. "நாம காட்டாமலே இருந்திருக்கலாம் மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முறை அவள் எடுத்துக்கொண்டது பென்குயின். எல்லாமே நெட்டில் இறக்கிய படங்கள். ஏன் இது என்று கேட்டேன்.

"அது ரொம்ப தூரத்துல கீது மிஸ். நம்ம ஆளுங்க யாரும் அங்க போவ முடியாது."

சுற்றிப் பாருங்கள், பார்த்ததை நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று இன்றைக்கும் வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்; ஆனால் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு குழந்தை என் வகுப்பில்தான் கற்றுக்கொண்டாள்.