பிளம்பர் வீட்டுக் குளியலறை

தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதலில் தட்டப்படுவது அந்த பிளம்பரின் கதவுதான். சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவார். அவருடைய குளியலறைக் குழாய் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. மனைவி கேட்டால், "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பார். சொல்லிச் சொல்லி வாய் வலித்த அவள், "நாளைக்காரரே, சாப்பிட வாங்க" என்று பட்டப்பெயர் வைத்தே கூப்பிட ஆரம்பித்தாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை குளியலறையில் பாசி வழுக்கி அவள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் நேராகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் திரும்பி வரும் பேச்சையே மனைவி எடுக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த 'நாளை' விடிந்தது. வந்த வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, தன் குளியலறையைச் சீர்செய்ய மகளையும் மருமகனையும் துணைக்குக் கூப்பிட்டார். மருமகனுக்குத் துணிக்கடையில் வேலை. துணி கிழித்துப் பழகிய கை. முதல் அடியிலேயே சுத்தியல் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

"மாப்பிள்ளை, அது ஆணி இல்ல, விரல்!"

மூவரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி.

வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழாய் மூட்டில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் பழம்புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. சுவர் விரிசலில் மெழுகை உருக்கி அடைத்திருந்தது.

"இதெல்லாம் யாரும்மா செஞ்சது?"

"வேற யாரு, அம்மாதான். கூடத்துக்குத் தண்ணி வராம இருக்க வாசப்படியில சாக்கு போட்டு வைப்பாங்க. நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள பிழிஞ்சு காயப்போட்டுடுவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லாமலா இருந்தாங்க?" மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் உடைந்த டைல்ஸைக் கூடையில் அள்ளினாள்.

கத்தியால் அறுத்தால் நொடியில் முடியும். அவருக்குக் கை வரவில்லை. நகத்தால் நெருடி நெருடி அந்த முடிச்சை அவிழ்த்தார்.

புதுக் குழாய், வழுக்காத தரை, பிடித்து நடக்கச் சுவரில் ஒரு கம்பி என்று எல்லாம் முடிந்ததும் அவளை அழைத்து வந்தார்கள். கைத்தடியோடு மெல்ல உள்ளே போனாள். குழாயைத் திறந்து மூடினாள். சொட்டுக்கூட விழவில்லை. கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. இனிமே உங்களுக்குக் கஷ்டமில்ல."

'நமக்கு' என்று சொல்வாளா என்று காத்திருந்தார்.

"இங்கேயே இருந்துடேன்" என்றார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தபடி.

அவள் கோபப்படவில்லை. "தரையெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா காலை வைக்கப் போனாலே உடம்பு நடுங்குது. நான் என்ன செய்யட்டும்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். தோளைப் பிடித்து மெதுவாக வண்டியில் ஏற்றிவிட்டார்.

இப்போதெல்லாம் மாலையில் வேலை முடிந்ததும் மகள் வீட்டுக்குப் போகிறார். இருவருக்கும் சண்டை ஒன்றுமில்லை. ஊர்க்கதை பேசுகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவள் கேட் வரை வந்து வழியனுப்புகிறாள்.